பாட்டின் பொருளுக்கு யார் சாட்சி? மாணவர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்திருக்கும் மாணவர் கடிதங்களில் பெரும்பாலானவை ஓர் ஐயத்தையே பல வடிவங்களில் எழுப்புகின்றன. ஒரு பாட்டுக்கு இதுதான் பொருள் என்று யார் முடிவு செய்வது? உரையாசிரியரா, ஆசிரியரா, படிக்கும் நானா? பொதுவாக ஒரு விதி சொல்லிவிட்டுப் போவதைவிட, அவர்கள் குறிப்பிட்ட பாடல்களையே எடுத்துக்கொண்டு அடியடியாகப் பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். சில கடிதங்களுக்கு நீண்ட பதிலும் சிலவற்றுக்குச் சுருக்கமான பதிலும் அமைந்திருப்பது அந்தந்தப் பாடல் கேட்கும் இடத்தைப் பொறுத்ததே.

கேள்வி: குறுந்தொகையில் கபிலர் பாடிய 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்ற பாடலை வகுப்பில் படித்தோம். அதில் வரும் குருகு வெறும் பறவையன்று, தலைவியின் ஆதரவற்ற நிலையைக் காட்டுவது என்று பேராசிரியர் விளக்கினார். நீரோடையில் நாரை நிற்பது இயல்புதானே? கண்டதைப் புலவர் பாடியிருக்கலாம். இவ்வளவையும் கபிலர் உண்மையிலேயே நினைத்துத்தான் எழுதினாரா?
– இளங்கலைத் தமிழ் மாணவி, திண்டுக்கல்

பதில்: முதலில் பாட்டை முழுவதுமாகக் கண்முன் வைத்துக்கொள்வோம். இது குறுந்தொகையின் 25ஆம் பாடல்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

'அப்போது அங்கே வேறு யாரும் இல்லை; அந்தக் கள்வன் ஒருவன்தான் இருந்தான். அவனே அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினையின் தாளைப் போன்ற சிறிய பசுங்கால்களை உடைய குருகு ஒன்று, ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருவதைப் பார்த்தபடி நின்றது, அவன் என்னைக் கூடிய அந்த நாளில்' என்பது இதன் நேர்ப்பொருள். தலைவன் திருமணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறான். அந்நிலையில் தலைவி தோழியிடம் சொல்வது இது என்று பாட்டின் கீழுள்ள குறிப்பு தெரிவிக்கிறது.

கபிலரின் மனத்துக்குள் என்ன ஓடியது என்பதை அறிய நமக்கு வழியே இல்லை. ஆகவே உங்கள் கேள்வியை இரண்டு கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். பாட்டிலுள்ள சொற்கள் அந்தப் பொருளுக்கு இடம் தருகின்றனவா என்பது ஒன்று. அந்தக் காலத்துக் கேட்போர் அப்படிக் கேட்டுப் பழகியவர்களா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை தேட முடியும்.

முதலாவதைப் பார்ப்போம். 'யாரும் இல்லை' என்று தொடங்கிய பெண், நான்கு அடிகள் கடந்ததும் 'குருகும் உண்டு' என்கிறாள். யாரும் இல்லை என்று சொல்லி முடித்தவளுக்கு ஏன் திடீரென்று ஒரு பறவை நினைவுக்கு வர வேண்டும்? இடையில் நிற்கும் அடியே காரணம் சொல்கிறது. அவன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் எழுந்தவுடன், அவள் மனம் அந்த நாளுக்குத் திரும்பி ஓடி, சாட்சி சொல்ல யாராவது இருந்தார்களா என்று தேடுகிறது. தேடித்தேடிக் கிடைத்தது ஒரு குருகு மட்டுமே. அந்தக் குருகாவது அவர்களைப் பார்த்ததா என்றால், அது ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பாட்டில் 'பார்க்கும்' என்ற ஒரே பார்வைச் சொல் குருகுக்கு உரியது. அந்தப் பார்வையும் மீனின் மேல் நிற்கிறது. இருந்த ஒரே சாட்சியும் பார்க்காத சாட்சி. உங்கள் பேராசிரியர் சொன்ன ஆதரவற்ற நிலை இந்த அடிகளுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து ஒட்டியதன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்தே அடிகளில் 'தான்' என்பது மூன்று முறை அவனைச் சுட்டி வருகிறது. பெயரில்லை, ஊரில்லை, 'தலைவன்' என்ற மதிப்பும் இல்லை. கள்வன் என்ற ஒரு சொல்லும் 'தான், தான்' என்ற சுட்டும் மட்டுமே. ஆனால் அந்தப் பறவையின் கால் எத்தனை தடிப்பம், என்ன நிறம் என்பது வரை அவளுக்கு நினைவிருக்கிறது. நெருக்கடியான நாள் ஒன்றை நினைத்துப் பார்ப்பவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிறு காட்சி துல்லியமாக மனத்தில் தங்கிவிடுவதை நாம் அறிவோம். கபிலர் அதை அறிந்தே பாடினார் என்று நான் சொல்லவில்லை. பாட்டில் அது நிகழ்ந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறேன். படிப்பவருக்கு அவ்வளவு போதும்.

இரண்டாவது கேள்விக்குத் தொல்காப்பியம் விடை தருகிறது. அகப்பாடலில் இடம்பெறும் மரமும் விலங்கும் பறவையும் கருப்பொருள் எனப்படும். அவற்றின் வழியாகச் சொல்லாத ஒன்றைக் குறிப்பாக உணர்த்தும் முறைகளை உள்ளுறை உவமம் என்றும் இறைச்சி என்றும் பொருளதிகாரம் பேசுகிறது. இப்படி இலக்கணமே வகுக்கும் அளவுக்கு ஒரு முறை வளர்ந்திருந்தால், குருகு என்று கேட்டவுடன் அது எதைப் பார்த்து நின்றது என்று கேட்கும் பழக்கம் அவையோருக்கு இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

இதனால் குருகுக்கு எந்தப் பொருளையும் ஏற்றிவிடலாம் என்று ஆகாது. இரைமேல் கண்வைத்து அசையாமல் நிற்கும் பறவையில் தலைவனின் சாயலும் உண்டு என்று ஒருவர் எழுதினால், 'கள்வன்' என்ற சொல்லைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதை அவர் வாதாடிப் பார்க்கலாம். எனக்கு அது சற்றுத் தொலைவாகத் தோன்றினாலும் மறுத்துத் தள்ள மாட்டேன். ஆனால் குருகின் வெண்மை தலைவியின் தூய்மையைக் காட்டுகிறது என்று எழுதினால் அது நிற்காது. வெண்மை இந்தப் பாட்டில் எங்கும் இல்லை. இருக்கும் ஒரே நிறம் கால்களின் பசுமை.

கேள்வி: 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்ற பாடலைத் தலைவி தலைவனிடம் சொல்வதாக எண்ணி எழுதினேன். தலைவன் கூற்று என்று திருத்திவிட்டார்கள். பாட்டிலோ சொல்பவர் ஆணா பெண்ணா என்று காட்டும் சொல் எதுவுமே இல்லை. என் விடை எப்படித் தவறாகும்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், அறந்தாங்கி

பதில்: நீங்கள் கவனித்தது சரியானது, அந்தக் கவனத்தைக் கைவிட வேண்டாம். குறுந்தொகையின் 40ஆம் பாடலில் 'யானும் நீயும் எவ்வழி அறிதும்' என்று வருகிறதே தவிர, 'யான்' யார் என்பதற்குப் பாட்டுக்குள் அடையாளம் இல்லை. தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு தலைவன் சொன்னது என்பது பாட்டின் கீழுள்ள குறிப்பு. அகப்பாடல்களின் கீழ் காணப்படும் இத்தகைய குறிப்புகள் பாட்டின் அடிகளைச் சேர்ந்தவை அல்ல. தொகுத்தவர்களும் பின்வந்தவர்களும் எழுதிச் சேர்த்தவை என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள்.

அதற்காக அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. நம்மைவிட அந்த மரபுக்குப் பல நூற்றாண்டுகள் நெருக்கமாக இருந்தவர்கள் பாட்டை எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு அவை சான்று. தேர்வில் 'யார் கூற்று' என்று கேட்டால் மரபாக வழங்கும் கூற்றைத்தான் கேட்கிறார்கள். அதற்குத் தலைவன் கூற்று என்பதே விடை. பாட்டை நயந்து எழுதச் சொன்னால், தலைவி சொல்வதாகக் கொண்டால் தொனி எப்படி மாறுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தலைவன் சொன்னால் அது அஞ்சுகிறவளுக்குத் தரும் உறுதிமொழி. தலைவி சொன்னால், 'என் தாய் யார், உன் தாய் யார்' என்ற வரியில் வியப்போடு சிறிது கலக்கமும் சேர்ந்து ஒலிக்கும்.

இந்தப் பாடலில் அன்புடைய இரு நெஞ்சங்கள் கலந்ததற்குச் 'செம்புலப் பெயல்நீர்', அதாவது செம்மண்ணில் பெய்த மழைநீர், உவமையாகிறது. இதே உவமையைத் திருக்குறளிலும் பார்க்கலாம். 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்' என்று தொடங்கும் 452ஆம் குறளிலும் நிலத்தின் தன்மையை நீர் ஏற்கிறது. ஆனால் அங்கே அது சேரும் இனத்தால் அறிவு திரியும் என்ற எச்சரிக்கையாகிறது. செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் பிரித்தெடுக்க முடியாது என்ற ஒரே உண்மை ஓரிடத்தில் காதலுக்கும் மற்றோரிடத்தில் அச்சத்துக்கும் பயன்படுகிறது. உவமையை மட்டும் பிய்த்தெடுத்துப் பொருள் சொல்லக் கூடாது என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

கேள்வி: 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' பாடல் உலக ஒற்றுமையைப் பாடுகிறது என்று கட்டுரை எழுதினேன். 'முதல் அடியை மட்டும் படித்திருக்கிறாய்' என்று ஆசிரியர் குறிப்பெழுதினார். முழுப் பாடலையும் படித்தும் எனக்கு விளங்கவில்லை. ஒற்றுமைக்கும் ஆற்றில் போகும் தெப்பத்துக்கும் என்ன தொடர்பு?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, காரைக்கால்

பதில்: கணியன் பூங்குன்றனாரின் இந்தப் பாடல் புறநானூற்றில் 192ஆவது. 13 அடிகள் கொண்டது. முதல் அடி தனியே நின்றும் ஒளிவிடக்கூடியது என்பதால் மற்ற 12 அடிகளும் அதன் நிழலில் மறைந்துவிட்டன. இது அந்தப் பாட்டுக்கு நேர்ந்த இழப்பு என்றே நினைக்கிறேன்.

பாட்டை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் அடியை அடுத்து, 'தீதும் நன்றும் பிறர்தர வாரா, நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன, சாதலும் புதுவ தன்றே' என்று உறுதியான சில கூற்றுகள் வருகின்றன. பிறகு வாழ்வு இனிது என்று மகிழவும் இல்லை, வெறுப்பால் இன்னாதது என்று சொல்லவும் இல்லை என்கிறார். அதன்பின் அந்த ஆறு வருகிறது. மின்னலோடு வானம் குளிர்ந்த துளிகளைப் பெய்ய, கல்லில் மோதி ஓயாது ஒலிக்கும் பெரிய ஆற்றில், நீர் போகும் வழியே போகும் புணையைப் போல அரிய உயிர் 'முறைவழிப் படூஉம்' என்பதைத் திறவோர் காட்சியில் தெளிந்தோம். ஆகலின், மாட்சியால் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்று முடிகிறது.

பாட்டின் அச்சாணி 'ஆகலின்' என்ற சொல். அதற்கு முன்னே வருவன காரணம். பின்னே வருவன விளைவு. உயிர்கள் எல்லாம் ஒரே பெருநீரின் போக்கில் போகின்றன என்று தெளிந்ததால், ஒருவரைப் பெரியவர் என்று வியக்கவும் மற்றவரைச் சிறியவர் என்று இகழவும் தோன்றவில்லை. பழைய உரை இந்த 'முறை' என்பதை ஊழ் என்று கொள்கிறது. இந்தத் தெளிவிலிருந்து திரும்பி முதல் அடியைப் பாருங்கள். எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் நம் உறவினர் என்பது விருந்தோம்பலாகவோ மேடை முழக்கமாகவோ சொல்லப்பட்டதாகத் தெரியாது. ஏற்றத்தாழ்வு காண மறுக்கும் ஒரு மனநிலையின் முடிவாகத் தெரியும். உங்கள் கட்டுரை தவறில்லை. ஒற்றுமை என்ற முடிவை எழுதிவிட்டு, புலவர் அந்த முடிவுக்கு வந்த வழியை விட்டுவிட்டீர்கள். ஆசிரியர் சுட்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

கடைசி அடியில் 'அதனினும்' என்ற சொல் இருப்பதைத் தவறவிடாதீர்கள். வியப்பதையும் இகழ்வதையும் அவர் சமமாக மறுக்கவில்லை. பெரியோரை வியக்க மாட்டோம். சிறியோரை இகழ்வதை அதைவிடவும் செய்ய மாட்டோம் என்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தால் அது நடுநிலை. இகழாமையின் பக்கம் ஒரு படி கூடுதலாகச் சாய்ந்ததில்தான் புலவரின் உள்ளம் தெரிகிறது.

ஒரு சிக்கலையும் உங்களிடம் விட்டுவைக்கிறேன். தீதும் நன்றும் பிறரால் வருவதில்லை என்றால் பொறுப்பு நம்முடையது என்று தோன்றுகிறது. நீரின் போக்கில் போகும் புணை என்றால் நம் கையில் எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே பாட்டில் எப்படிப் பொருந்துகின்றன? கரையில் நிற்பவர் யாரும் அந்தப் புணையைத் தள்ளிவிடவில்லை என்ற இடத்திலிருந்து நான் தொடங்குவேன். நீங்கள் வேறோர் இடத்திலிருந்து தொடங்கலாம். அடுத்த கட்டுரையில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: 'தெய்வந் தொழாஅள் கொழுநற் றொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் மழை' என்ற குறளை என்னால் ஏற்க முடியவில்லை. 'வேண்டியபோது பெய்யும் மழை போன்றவள்' என்று பொருள் கொண்டால் சிக்கல் தீர்கிறது என்று ஒரு நூலில் படித்தேன். இந்தப் பொருளை நான் எழுதலாமா?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

பதில்: இரண்டு வேறு கேள்விகளை இந்தக் கடிதம் ஒன்றாக்கியிருக்கிறது. குறள் என்ன சொல்கிறது என்பது ஒன்று. அதை நாம் ஏற்கிறோமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கான விடை நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக முதலாவதன் விடையை மாற்றிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இலக்கணத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் படித்த பொருளுக்கு இடம் உண்டு. 'தொழுதெழுவாள்' எழுவாயாகவும் 'பெய்யெனப் பெய்யும் மழை' பயனிலையாகவும் நிற்க, 'அவள் அத்தகைய மழை' என்று உருவகமாகக் கொள்ளலாம். வள்ளுவர் உவமைக்குப் பல இடங்களில் 'அற்று', 'போல', 'அன்ன' என்பவற்றைப் பயன்படுத்துகிறார் என்றாலும், உருபின்றி 'பிறவிப் பெருங்கடல்' என்று உருவகிப்பதும் அவரிடம் உண்டு. ஆகவே அந்தப் பொருள் இலக்கணத்துக்கு முரணானது என்று தள்ள முடியாது.

ஆனால் இந்தக் குறளுக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விளக்கம் ஓர் உரைநூலில் இல்லை. ஒரு காப்பியத்தில் இருக்கிறது. சாத்தனாரின் மணிமேகலையில் சிறைசெய் காதையில் மருதி என்ற பெண்ணின் கதை வருகிறது. காவிரியில் நீராடித் திரும்பும் அவளை அரசன் மகன் ஒருவன் விரும்பி அழைக்கிறான். மழைவளம் தரும் பெண்டிர் பிறர் நெஞ்சில் புகமாட்டார்களே, நான் ஒருவன் உள்ளத்தில் புகுந்துவிட்டேனே, என் பிழை என்ன என்று அவள் நாற்சந்தியில் இருக்கும் சதுக்கப் பூதத்திடம் போய் அழுகிறாள். அதற்குப் பூதம் சொல்லும் விடையில் இந்தக் குறள் ஏறக்குறைய அப்படியே வருகிறது: 'தெய்வந் தொழாஅள் கொழுநற் றொழுதெழுவாள், பெய்யெனப் பெய்யும் பெருமழை என்றஅப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்'. தொடர்ந்து, பிறர் சொல்லும் கதைகளைக் கேட்டும் விழாக்களை விரும்பியும் கடவுளரைப் பேணினாய், ஆகையால் நீ ஏவினால் மழையும் பெய்யாது என்று பூதம் சொல்லிவிடுகிறது. 'மடவரல் ஏவ மழையும் பெய்யாது' என்பது சாத்தனாரின் சொல். ஏவினால் பெய்வது, ஏவினால் பெய்யாதது என்று வரும்போது அங்கே உவமைக்கு இடமில்லை. வள்ளுவருக்கு நம்மைவிட மிக அருகில் வாழ்ந்த ஒரு பெரும் புலவர், அவள் சொன்னால் மழை பெய்யும் என்றுதான் இந்தக் குறளைப் படித்திருக்கிறார். குறளின் உரையாசிரியர் பரிமேலழகரும் அப்படியே கொண்டார்.

சிலப்பதிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்று தேவந்தி சொல்லும்போது, கண்ணகி 'பீடன்று' (அது பெருமையன்று) என்று இரண்டே சொற்களில் மறுத்துவிடுகிறாள். வேறு தெய்வம் தொழாமை அந்தக் காலத்து இலக்கியத்தில் ஒரு பெண்ணின் பெருமையாகக் கருதப்பட்டது என்பதை இந்த மூன்று நூல்களும் ஒருசேரக் காட்டுகின்றன.

ஆகவே என் பரிந்துரை இது. குறளின் பொருளை அதன் காலத்தில் வழங்கியபடியே எழுதுங்கள். உருவகமாகக் கொள்ளும் பிற்காலப் பொருளையும் அது எழுந்த காரணத்தோடு குறிப்பிடுங்கள். அதன்பின், இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை என்று காரணம் காட்டி வெளிப்படையாக எழுதுங்கள். வள்ளுவரோடு மாறுபடுவது அவரை அவமதிப்பதாகாது. அவர் சொன்னதை மறைத்துவிட்டு நமக்கு உகந்ததை அவர் வாயில் வைப்பதுதான் அவருக்கும் படிப்பவர்க்கும் செய்யும் தீங்கு.

கேள்வி: சிலப்பதிகாரம் எல்லாம் ஊழ்வினை என்கிறது. அப்படியானால் பாண்டியன் மேல் என்ன குற்றம்? விதிப்படி நடந்ததற்கு அவன் ஏன் உயிர்விட வேண்டும்?
– இளங்கலை வரலாறு மாணவர், மட்டக்களப்பு

பதில்: வரலாறு படிக்கும் நீங்கள் காரணமும் பொறுப்பும் வேறு வேறு என்பதை எளிதில் ஏற்பீர்கள். இளங்கோவடிகளும் அவற்றைக் கலக்கவில்லை. நூலின் பதிகமே அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பதையும், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதையும் தனித்தனி உண்மைகளாகச் சொல்கிறது. ஒன்று மற்றதை விழுங்கியிருந்தால் இரண்டாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொலைக்களக் காதையில் அந்தத் தீர்ப்பு பிறக்கும் இடத்தை நிறுத்திப் படியுங்கள். ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் மனம் தோய்ந்தான் என்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவு என்று சொல்லி எழுந்து போகிறாள். அரசன் 'மந்திரச் சுற்றம் நீங்கி' அவளைத் தேடி அந்தப்புரம் செல்கிறான். வாயிலை அடையுமுன் பொற்கொல்லன் எதிர்ப்பட்டுத் தன் பொய்யைச் சொல்கிறான். அப்போது,

வினைவிளை காலம் ஆதலின் யாவதும்
சினையலர் வேம்பன் தேரா னாகி

காவலரை அழைத்து, என் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் 'கைய தாகில், கொன்றச் சிலம்பு கொணர்க' என்கிறான். முதல் அடியில் வினை இருக்கிறது. அடுத்த அடியிலேயே 'தேரான் ஆகி', அதாவது ஆராயாதவனாகி, என்று அவன் பிழையும் இருக்கிறது. அமைச்சர் அருகில் இல்லை, வழக்கு இல்லை, குற்றம் சாட்டப்பட்டவன் நேரில் இல்லை. ஊடிய தேவியிடம் போகும் அவசரத்தில் நடைவழியில் ஓர் உயிருக்குத் தீர்ப்பு. 'மந்திரச் சுற்றம் நீங்கி' என்ற சிறிய தொடரை இளங்கோவடிகள் வீணாக வைக்கவில்லை.

வழக்குரை காதையில் கண்ணகி அரசன் முன் வாய் திறந்ததும் சொல்லும் விளி 'தேரா மன்னா'. கதை சொல்பவர் முன்பு தம் குரலில் சொன்ன அதே குற்றம் இப்போது அவள் வாயிலிருந்து வருகிறது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று அரசன் சட்டம் பேசுகிறான். சட்டம் சரிதான், அவன் கள்வனா என்பதுதான் ஆராயப்படவே இல்லை. கண்ணகி தன் சிலம்பின் பரல் மணி என்கிறாள். அரசன் எம் சிலம்பின் பரல் முத்து என்கிறான். உடைத்தவுடன் மணி அவன் முகத்தெதிரே தெறிக்கிறது. ஒரு நொடியில் முடியக்கூடிய இந்தச் சோதனையை முன்பே செய்திருந்தால் கோவலன் இறந்திருக்க மாட்டான். வழக்கு முழுவதையும் அவ்வளவு எளிய சான்றின் மேல் நிறுத்தியதே, தேராமை எத்தனை பெரிய பிழை என்பதைக் காட்டத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நேரத்தில் அரசன் என்ன சொல்கிறான்? 'பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்'. ஊழ் என்று அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொற்கொல்லனைக் குறிப்பிடுகிறான்; ஆனால் அவன் சொல்லைக் 'கேட்ட' தன் செயலின் மேல்தான் பழியை வைக்கிறான். கோவலன் மேல் தான் சுமத்திய 'கள்வன்' என்ற அதே பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்கிறான். கோவலனின் முற்பிறவிக் கதை பின்னர் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வத்தின் வாயிலாக வருகிறது. முற்பிறவியில் பரதன் என்ற பெயரோடு சங்கமன் என்ற வணிகன் கொலையுண்ணக் காரணமான வினை அது. கோவலன் ஏன் இறந்தான் என்பதற்கு அது விடை. பாண்டியன் ஏன் இறந்தான் என்பதற்கு அவனே விடை சொல்லிவிட்டுத்தான் விழுகிறான்.

கேள்வி: என் சொந்த விளக்கத்தை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று அஞ்சி, வழிகாட்டி நூலில் உள்ளதையே எழுதுகிறேன். இந்தப் பழக்கத்திலிருந்து எப்படி வெளியே வருவது?
– இளங்கலைத் தமிழ் மாணவர், கும்பகோணம்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அதைத் துறக்கச் சொல்லி எளிதாக அறிவுரை கூற மாட்டேன். விடையின் முதற்பகுதியில் வழங்கும் பொருளை நிறைவாக எழுதுங்கள். அடுத்த பத்தியில் 'இவ்வாறும் கொள்ள இடமுண்டு' என்று தொடங்கி உங்கள் விளக்கத்தை எழுதி, அதற்கு இடம் தரும் சொல்லையோ அடியையோ மேற்கோளாகக் காட்டுங்கள். சான்று காட்டிய விளக்கத்துக்கு மதிப்பெண் குறைவது அரிது. காட்ட ஓர் அடியும் கிடைக்கவில்லை என்றால், அந்த விளக்கத்தை நீங்களே மறுபடி யோசித்துப் பார்ப்பது நல்லது.

வழிகாட்டி நூலைத் திறக்கும் முன் மூலத்தைப் படியுங்கள். குறுந்தொகைக்கு உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையோடு வெளியிட்ட பதிப்பு பல கல்லூரி நூலகங்களில் இருக்கிறது. அதில் பதவுரையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், கீழே அவர் தரும் ஒப்புமைப் பகுதிகளையும் பாருங்கள்; ஒரே சொல்லும் ஒரே உவமையும் வேறு எந்த நூல்களில் எப்படி வருகின்றன என்பது அங்கே கிடைக்கும். நூலகம் அருகில் இல்லாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சங்க நூல்களும் உரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலம் மட்டும் போதும் என்றால் மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையத் தொகுப்பிலும் உண்டு. ஐந்து அடிப் பாட்டு ஒன்றை எடுத்துத் தாளில் எழுதி, யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சொல் எதிர்பாராமல் வந்து நிற்கிறது என்று பக்கத்தில் குறித்துவிட்டு, அதன்பின் உரையைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உரையோடு மாறுபடும் இடங்களை அடிக்கோடிட்டு வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள். விடை கிடைக்காதவற்றை இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள்.